உச்சிவேளை வெந்நீர்

சித்திரை மாதம், மத்தியானம், ஸ்ரீரங்கம். தெருநாய்கூட நிறுத்தி வைத்த காருக்கு அடியில் நிழல் தேடிப் படுத்துவிடும் நேரம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் கொதிக்கும். கை வைத்தால் தோல் உரிந்து போகும். மார்கழியில், கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று வீசும் விடியற்காலையில் அதே குழாயைத் திறந்தால் வருவதை வெந்நீர் என்றும் சொல்ல முடியாது, பச்சைத் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க யாரோ மடியில் கட்டி வைத்திருந்த சூடு இருக்கும், அவ்வளவுதான். இதற்குப் பெயர் புத்திசாலித்தனம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கு வேறு பெயர்கள் தெரியும். அவற்றை அச்சில் போட மாட்டார்கள்.

அவர் பெரிய ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைலாசபுரம் டவுன்ஷிப்பில்தான் எங்கள் பாதி வாழ்க்கை போயிற்று. ஊர் உலகத்துக்கெல்லாம் நீராவி காய்ச்சிக் கொடுத்த மனுஷர். ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் அவருடைய பூர்வீக வீட்டுக்கு வந்தோம். அப்போது என் மாமியார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பழைய ஓட்டை எடுத்துவிட்டு மேலே தளம் போட்டார். தளம் போட்டதும் அதில் என்ன வைப்பது என்ற கவலை வந்தது. நான் வடாம் காயப்போட இடம் கிடைத்தது என்று நினைத்திருந்தேன். அவர் சோலார் பேனல் வைத்தார்.

வைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சூரியன் சும்மாத்தானே காய்கிறான், கரண்ட்டாக மாற்றினால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். காலையில் ஈரத்துணியோடு மாடிக்குப் போய் ஒவ்வொரு பேனலையும் துடைப்பார். பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்ணுகிற சிரத்தை. நான் அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து அவர் துடைத்துப் பார்த்த முதல் பொருள் அதுதான்.

வினை போனில் வந்தது. பெங்களூரில் இருக்கும் என் மகன் அவருக்கு ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். அதில் ஒரு படம். சூரியன் கொடுப்பது பச்சை நிறத்தில் மேடு மாதிரி எழும்பி இறங்கும். நாம் ஈபி லைனிலிருந்து எடுத்துக்கொள்வது சிவப்புக் கோடாக நிற்கும். மத்தியானத்தில் மேடு உச்சத்துக்குப் போகும். ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் ஒரு ஃபேன்தான் ஓடும். மீதி எல்லாம் வெளியே போய்விடும். வெளியே போகிற கரண்ட்டுக்கு ஒரு விலை, நாம் வாங்குகிற கரண்ட்டுக்கு ஒரு விலை என்று அவர் எனக்கு நாள் முழுக்க விளக்கினார். கடைசியில் ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

“நம்ம சூரியன்ல ஊரான் ஆத்து ஃபேன் ஓடறது, தெரியறதா?”

சூரியன் எப்போது நம்முடையவன் ஆனான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் படம் காட்டியிருப்பார்.

அன்றிலிருந்து வீட்டு வேலை எல்லாம் பச்சை மேட்டின் மேல் ஏற ஆரம்பித்தது. வாஷிங் மெஷின் பதினொரு மணிக்குமேல். கிரைண்டர் பன்னிரண்டுக்குமேல். மோட்டார் அதற்குப் பிறகு. அயர்ன் பண்ணுவதும் அப்போதுதான். இதுவரை காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று பரவிக் கிடந்த வேலை எல்லாம் சாப்பாட்டு வேளைக்கு முன்னும் பின்னும் என் தலையில் வந்து விழுந்தது. சாப்பிட்ட பிறகு கூடத்துத் தரையில் தலைகாணி போட்டுப் படுப்பேன். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு தூக்கம்தான். அதுவும் போயிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பழமொழி. எங்கள் வீட்டில் நெய் சூரியனுடையது. கை மட்டும் பழமொழியில் உள்ளதேதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கீஸரில் கை வைத்தார்.

வீட்டிலேயே அதிகமாகக் கரண்ட் தின்பது அதுதானாம். ஒரு நாள் குளியலறைக்கு வெளியே உயரத்தில் ஒரு சின்ன டைமர் பெட்டி வந்து உட்கார்ந்தது. பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் கீஸருக்குக் கரண்ட் போகும். மற்ற நேரத்தில் சுவிட்சைப் போட்டால் சுவிட்ச் தேயும், அவ்வளவுதான். உத்தரவு அவர் போனில் இருந்தது.

“காலம்பற எனக்கு?” என்றேன்.

“டேங்க் ஃபிளாஸ்க் மாதிரி. மத்தியானம் காஞ்ச ஜலம் மறுநாள் வரைக்கும் சூடாவே இருக்கும்.”

ஃபிளாஸ்க்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மத்தியானம் அவர் நீராடுவார். ஓய்வு பெற்றவருக்கு இனிமேல் ஆலைச் சங்கு ஊதும் அவசரம் இல்லையே. சாயங்காலம் கோயிலுக்குப் போய் வந்து கைகால் கழுவிக்கொள்ள மறுபடி அதைத்தான் திறப்பார். அவர் எடுக்க எடுக்க உள்ளே பச்சைத் தண்ணீர் புகுந்து கலக்கும். ஃபிளாஸ்கில் இருக்கிற காபியில் நாலு டம்ளர் குடித்துவிட்டு நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் மறுநாள் என்ன இருக்கும்? அதுதான் எனக்கு இருந்தது.

எங்கள் குடும்பத்தைத் தெரியாதவர்கள், இதில் என்ன பிரமாதம், அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். அங்கேதான் சிக்கல். நீராடாமல் தளிகை பண்ணும் இடத்துக்குள் காலை வைக்கக் கூடாது. அடுப்பைத் தொடக் கூடாது. ஒரு வாய் காபிக்கு டிகாக்‌ஷன் போடுவதற்குக்கூட முதலில் நீராடி, மடிப்புடவை கட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் தளிகை, பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணுவது, பிறகுதான் மனிதர்கள். மாமியார் வைத்த சட்டம். அவர் போன பிறகும் சட்டம் போகவில்லை. ஆக, வெந்நீர் வைக்க அடுப்பு வேண்டும், அடுப்பைத் தொட நீராட வேண்டும், நீராட வெந்நீர் வேண்டும்.

எனக்கு அந்த வெந்நீர் சுகத்துக்காக இல்லை. சில வருஷங்களாகக் காலையில் எழுந்தால் என் கைவிரல்கள் மடங்காது. முஷ்டி பிடிக்க முடியாது. புடவைக் கொசுவத்தை எடுத்துச் செருக முடியாது. வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை ஊறவிட்டால் ஒவ்வொன்றாக வழிக்கு வரும். தில்லைநகர் டாக்டர் அதைத்தான் சொன்னார்: “மாத்திரையைவிட அதுதாம்மா முக்கியம். காலையில எழுந்தவுடனே பண்ணுங்க, குளிர்ல கையை விடாதீங்க.” என் வீட்டுக்காரரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வெதுவெதுப்பில் விரல் மடங்காது. தோசைக் கரண்டி கையிலிருந்து நழுவும். ஒரு நாள் கொதிக்கிற சாத்தமுது பாத்திரம் நழுவிக் காலில் கொட்டியது. கொப்புளம் போட்டுப் பத்து நாள் செருப்புப் போட முடியவில்லை. மருந்து அவர்தான் வாங்கிவந்தார். வாங்கிவந்து கொடுத்துவிட்டு, “பாத்துப் பண்ணப்படாதோ?” என்றார்.

“விரல் மடங்கலையே. காலம்பற ஒரு அரைமணி கீஸர் போட்டுக்கறேனே.”

“கையைத்தானே வெந்நீர்ல வெக்கணும்? மத்தியானம் வை. நன்னா கொதிக்கக் கொதிக்க இருக்கும்.”

கிண்டல் இல்லை. நிஜமாகத்தான் சொன்னார். அவருக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது. தெரிந்திருந்தாலாவது கூடச் சிரித்திருக்கலாம்.

நேற்றைய ஜலத்தில் நீராடுவது ஆசாரமா என்று சாஸ்திரத்தைப் பிடித்துப் பார்த்தேன். அது தளிகைக்கு எடுக்கிற தீர்த்தத்துக்குத்தான், நீராடுகிற ஜலத்துக்கு அந்த விதி கிடையாது என்று கோயிலில் யாரையோ கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். பிறகு நான் பெரியகடைவீதியில் ஒரு வாட்டர் ஹீட்டர் கம்பி வாங்கிவந்து, விடியற்காலையில் வாளிக்குள் போட்டேன். நாலே நாள். சாப்பிட உட்கார்ந்தவர் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இத பாரு, அஞ்சு மணிக்கு ஒரு சிவப்பு. என்ன ஓடித்து?”

“நான்தான் ஓடினேன்” என்றேன்.

அதுவும் அவருக்குப் புரியவில்லை. ஷாக் அடிக்கும், ஆபத்து என்று கம்பியைப் பரண்மேல் தூக்கிப் போட்டார். நாள் முழுக்கப் பச்சையாக இருந்த அந்தப் படத்தில் நான் ஒருத்திதான் சிவப்பு. அதைத் துடைத்துவிட்டார். போனை அவர் தூங்கும்போது எடுத்து நானே மாற்றியிருக்கலாம். சொந்த வீட்டில் ஒரு வாளி வெந்நீரைத் திருடுகிற அளவுக்கு இறங்க எனக்கு மனம் வரவில்லை.

தெருவில் அவருக்குப் பேர் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீதிக்காரர்கள் வந்து மாடி ஏறிப் பார்த்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து ஆப்பையும் பார்ப்பார்கள். நான் நீர்மோர் கொடுப்பேன். “டெக்னாலஜி பெரிசில்லே ஸார். நாம நம்ம பழக்கத்தை மாத்திக்கணும், அதான் விஷயம்” என்பார். நாம், நம்ம என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு விரல் வலிக்கும். ஒரு தடவை, “எங்காத்துல ஃபுல் கோ ஆபரேஷன்” என்று என்னைக் கைகாட்டினார். வந்தவருடைய மனைவி டம்ளரைக் கொடுக்கிற சாக்கில் உள்ளே வந்து, “மாமி, அப்ப விடியக்காலையில நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள். ஊருக்குள் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளிடம்கூட, “பழகிடுத்தும்மா” என்றேன். விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும் என்று எங்களை வளர்த்த வளர்ப்பு அப்படி. நாசமாய்ப் போக அந்த வளர்ப்பு.

போன வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அவருக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் சீக்கிரம் விட்டது, மூட்டு வலி விடவில்லை. விரல்கள் வீங்கி, கொடுக்காய்ப்புளி மாதிரி கோணிக்கொண்டன. காலையில் எழுந்து கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டேன்.

இரண்டாம் நாளே, “வெந்நீர் வேணும்டி, கையை வெக்கணும்” என்றார். குழாயைத் திறந்து பார்த்தார். அந்த வெதுவெதுப்பைக் கையில் வாங்கிய முகத்தை நான் பார்த்தேன். அப்புறம் கட்டிலுக்கு வந்து போனை எடுத்தார். வீங்கின கட்டைவிரலால் எங்கேயோ தொட்டார், இன்னொரு இடத்தில் தொட்டார். முடிந்தது. மறுநாள் விடியற்காலையில் கீஸரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் இரண்டு மார்கழி கெஞ்சிய காரியத்துக்குப் பெட்டி மாட்டிய ஆளைக் கூப்பிட வேண்டிய வேலை இல்லை, சுவரை உடைக்க வேண்டிய வேலை இல்லை. இரண்டு தடவை விரலை வைக்கிற வேலை.

அந்த வாரங்களில் எனக்கும் வெந்நீர் கிடைத்தது. அவருக்கு வைத்ததில் எனக்கும் ஒரு பங்கு. என் விரல்கள் மடங்கின. அதைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. தைலத்தைக் காய்ச்சி அவர் கைகளைப் பிடித்துவிடுவேன். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

“இந்த வலியை எப்படித்தான் மனுஷா பொறுத்துக்கறாளோ, பெருமாளே!”

அந்த மனுஷாளில் ஒருத்தி அவர் கையைத்தான் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து பார்ப்பார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். தூங்கிவிட்டார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். நானும் அதை நம்பித்தான் இருந்தேன். இனிமேல் சொல்ல வேண்டாம், அவருக்கே தெரிந்துவிட்டது என்று மனதுக்குள் ஒரு கணக்கு. தை பிறந்தது. அவர் விரல்கள் நேராயின. பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். ஈரத்துணியோடு மாடி ஏறினார். அதற்கு இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் நான் குழாயைத் திறந்தேன். பழைய வெதுவெதுப்பு.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். “கீஸரை மறுபடியும் மாத்திட்டேளா?”

“ஆமாம். எனக்குத்தான் சரியாயிடுத்தே” என்றார். வாழைக்காய்க் கரமேதில் இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டைக் காட்டினார்.

போட்டேன். அன்று சாயங்காலம் மகனுக்குப் போன் பண்ணி அழுதேன். “அம்மா, அவருக்கு அது ஒரு ஹாபி. விடேன். உனக்கு ஒரு சின்ன கீஸர் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணட்டுமா?” என்றான். அவனுக்கும் நான் கேட்பது கீஸர் என்றுதான் பட்டது.

மறுநாள் விடியற்காலை விழிப்பு வந்தது. எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே யோசித்தேன். வேலையை எல்லாம் வெயிலுக்கு மாற்று என்றுதானே இவர் சொல்கிறார்? நன்றாக மாற்றுவோம். வெந்நீர் மத்தியானம்தான் என்றால் நீராடுவதும் மத்தியானம்தான். நீராடாமல் அடுப்பைத் தொடக் கூடாது. அதனால் காபியும் மத்தியானம்தான். இதில் நான் எதிர்த்துப் பேசுவதற்கே ஒன்றும் இல்லை. அவருடைய டைமரும் அவருடைய அம்மாவின் சட்டமும் அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

வெயில் கூடத்துக்குள் வந்த பிறகு எழுந்தேன். பல் தேய்த்துவிட்டு, அவிழ்ந்த தலையை முடிந்துகொண்டு, பேப்பரைப் பிரித்து உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல வந்து நின்றார். கைக்குக் காபி வரவில்லை.

“என்னடி, உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லை. இன்னும் நீராடலை.”

“ஏன்?”

“வெந்நீர் பதினொரு மணிக்குமேலதானே வரும்? நீராடாம உள்ள போகப்படாதே.”

நின்றார். யோசித்தார். அவர் நெற்றி சுருங்கியதை நான் பேப்பருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜைமேல் போன் இருந்தது. எடுக்கப் போகிறார், இரண்டு தடவை தொடப் போகிறார் என்று நினைத்தேன். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் நான் வைத்த ஒரே பந்தயம் அது. அவருக்குக் காபி இல்லாமல் விடியாது. அம்மாவின் ஆசாரத்தை மீறவும் மாட்டார். பிறகு வேறு வழி ஏது?

அவர் போனைத் தாண்டிக் கையை நீட்டி, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

சீக்கிரமே திரும்பி வந்தார். கையில் மூலை மெஸ் காபி இரண்டு பேப்பர் கப்பில், கூடவே இட்லிப் பொட்டலம். கூடத்து நடுவில் நின்றபடி, யார் நீராடாமல் போட்டதோ என்றுகூடப் பார்க்காமல், பெருமாளுக்கு ஒன்றும் அமுது செய்யப் பண்ணாமல், கப்பை வாயில் வைத்துக் குடித்தார்.

“நன்னாத்தான் இருக்கு. தினமும் இப்படியே வெச்சுக்கலாம். உனக்கும் ரெஸ்ட்.”

“யார் நீராடாம போட்டதோ, குடிக்கறேளே?”

“அதெல்லாம் அந்தக் காலம். இப்ப யார் பாக்கறா?”

கல்யாணமான புதிதில் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் எனக்கு நூற்றுமூன்று காய்ச்சல். விடியற்காலையில் மாமியார் என்னை எழுப்பித் தலையோடு பச்சைத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்து தளிகை பண்ணச் சொன்னார். இவர் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். “அம்மா சொன்னா ஒரு அர்த்தம் இருக்கும்” என்றார். அர்த்தம் இருக்கிறது என்றுதான் நான் அன்று தண்ணீர் விட்டுக்கொண்டேன். தீட்டு நாட்களைத் தவிர, பிள்ளை பெற்ற உடம்போடும் விட்டுக்கொண்டேன். விரல் மடங்காத கையோடும் விட்டுக்கொண்டேன். அந்த அர்த்தம் இப்போது ஒரு பேப்பர் கப்பில் நாலு மடக்கில் காலியாகிவிட்டது. டைமர் நகரவில்லை, ஆசாரம் நகர்ந்துவிட்டது. அது இத்தனை லேசாக நகரும் என்று முன்னமே தெரிந்திருந்தால், நான் எத்தனை காலை தூங்கியிருப்பேன்!

“அப்படின்னா இத்தனை வருஷம் நான் பண்ணினதெல்லாம் யாருக்கு?” என்று கேட்டேன்.

அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எதைச் சொல்றே?” என்றார்.

மழுப்பவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.